திரும்பி வந்த புடவைகளை எண்ணியவர்

ஆரணிக்கு நான் வந்தது மனைவியின் வேலையால். அவளுக்கு ஆரணியை அடுத்த தேவிகாபுரத்தில் ஆசிரியைப் பணி கிடைத்தது. அதுவரை பதினோரு வருடம் ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் லைன் சூப்பர்வைசராக இருந்தேன். ஆரணியில் வீடு பிடித்துக் குடியேறிய இரண்டாவது வாரம், பட்டுப்புடவை வியாபாரி ஒருவர் தன் செக்கிங் யூனிட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன்.

"பட்டு பத்தி எதுனா தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

"ஆளுங்கள வேல வாங்கத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன். அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

யூனிட் என்பது மாடியில் ஒரு நீளமான ஹால். முள்ளிப்பட்டிலும் சுற்று ஊர்களிலும் வீட்டுத் தறிகளில் நெய்த புடவைகள் காலையில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். நான்கு மேஜைகள், நான்கு பெண்கள். புடவையை விரித்து, இழை விட்டிருக்கிறதா, கறை பட்டிருக்கிறதா, ஜரிகை ஒழுங்காக ஓடியிருக்கிறதா, ரவிக்கைத் துணி அளவு சரியா என்று பார்த்து, மடித்து, எந்தத் தறியில் நெய்தது என்று எழுதிய சீட்டு கட்டுவார்கள். அதன்பின் இரண்டு பேர் பெட்டியில் போட்டு அனுப்புவார்கள். புடவையைப் படம் எடுத்துப் போடுவதும், போனில் வருகிற ஆர்டரையும் புகாரையும் பார்ப்பதும் கம்ப்யூட்டரில் இருக்கும் பெண்ணின் வேலை. அவள் ஆரணிக்கு அருகிலுள்ள திருமலைப் பக்கத்துச் சமணக் குடும்பத்தைச் சேர்ந்தவள். இருட்டுவதற்குள் சாப்பிட்டுவிடும் வீடு. அதனால் ஐந்து மணி அடித்தால் பையைத் தோளில் மாட்டிவிடுவாள்.

வந்த முதல் வாரமே சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டினேன். ஆளுக்கு ஒரு கட்டம். ஒரு நாளைக்கு இருபத்தைந்து புடவை என்று இலக்கு. மாலையில் அவரவர் முடித்த எண்ணிக்கையை எழுத வேண்டும். எட்டினால் பச்சை மை, எட்டாவிட்டால் சிவப்பு மை. பழைய தொழிற்சாலையில் இதே மாதிரிதான் நடந்தது, அங்கே யாரும் கேள்வி கேட்டதில்லை. முதலாளி வந்து பலகையைப் பார்த்துவிட்டு, "இப்பதாம்பா ஒரு கம்பெனி மாதிரி இருக்குது" என்றார். எனக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்தது.

மூன்று பேர் ஒரு வாரத்தில் இருபத்தைந்தைத் தொட்டார்கள். நான்காவது மேஜைக்காரர் மட்டும் பதினெட்டு, பத்தொன்பது என்று நின்றார். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது இருக்கும். முள்ளிப்பட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். வீட்டில் கணவரோடு இருபது வருடத்துக்கு மேல் தறியில் உட்கார்ந்தவர். முட்டி வலி வந்து, தறிக்குழியில் இறங்கி ஏற முடியாமல் போனதால் இந்த வேலைக்கு வந்திருந்தார். எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டோம். நானும் அப்படித்தான்.

தொடர்ந்து ஆறு நாள் அவர் கட்டத்தில் சிவப்பு. ஏழாவது நாள் எல்லோர் முன்னாலும் கேட்டேன். "அக்கா, மத்தவங்களால முடியறது உங்களால ஏன் முடியல? கை ஏன் இவ்ளோ மெதுவா போவுது?"

அவர் புடவையின் மடிப்பைக் கையால் நீவிக்கொண்டே என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. எதையோ சொல்ல நினைத்து, இவனிடம் இப்போது வேண்டாம் என்று வைத்துக்கொண்ட மாதிரி ஒரு பார்வை. மறுநாள் மாலை பலகைக்குப் போய் இருபத்தைந்து என்று எழுதினார். "சார், எழுதிட்டேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். நான் அதை என் வெற்றி என்று நினைத்து வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள், "பத்து கணக்கு போடுன்னா புள்ளைங்க பத்து நிமிஷத்துல போட்டுடும். எத்தன சரின்னு பாத்தியா?" என்று கேட்டாள். டீச்சர் புத்தி என்று சிரித்தேன்.

தீபாவளி முடிந்தது. கார்த்திகை தொடங்குவதற்குள் பார்சல்கள் திரும்பி வர ஆரம்பித்தன. முதலில் ஒன்றிரண்டு. பிறகு தினமும் நாலைந்து. ஹாலின் மூலையில் பெட்டிகள் குவிந்தன. ரவிக்கைத் துணி இல்லை, பார்டரில் கோடு, நடுவில் எண்ணெய்க் கறை, கேட்ட நிறம் ஒன்று வந்த நிறம் ஒன்று. நான் பலகையைப் பார்த்தேன். அங்கே பச்சை மையாக இருந்தது.

ஒருநாள் காலை, கம்ப்யூட்டர் பெண் வந்த செய்தி ஒன்றைச் சத்தமாகப் படித்தாள். எங்கேயோ தூரத்து ஊரில் ஒரு அம்மா, மகளின் நிச்சயதார்த்தத்துக்கு வாங்கியிருக்கிறார். அதற்கு முதல் நாள் பெட்டியைப் பிரித்தால் முந்தானையில் கறை. திட்டியிருந்தால் பரவாயில்லை. "அவசரத்தில் கவனிக்காமல் விட்டிருப்பீர்கள். என் மகள் பழைய புடவையையே கட்டிக்கொண்டாள். இதை மாற்றிக் கொடுத்தால் போதும்" என்று எழுதியிருந்தார்.

அன்று மதியம் முதலாளி வந்தார். அந்தப் புடவையை மேஜையில் விரித்து, "இத்த யார் பாத்து அனுப்பனது?" என்று கேட்டார்.

யாராலும் சொல்ல முடியாது. எந்தப் புடவையை யார் பார்த்தார் என்பதற்கு எங்களிடம் அடையாளமே இல்லை. எத்தனை பார்த்தோம் என்பதை மட்டும் எழுதி வைத்திருந்தோம்.

"பேஜாரா போச்சு. இனிமே திரும்பி வந்துதுன்னா ஆள மாத்திடுவேன், சொல்லிட்டேன்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அடுத்த நாள் முதல் ஹாலில் ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. கொஞ்சம் சந்தேகம் என்றாலும் புடவையைத் தூக்கி என் மேஜையில் வைத்துவிட்டார்கள். "சார் பாத்து சொல்லட்டும்." எனக்கோ பட்டில் எது குறை, எது நெசவின் இயல்பு என்று சரியாகத் தெரியாது. மூன்று நாளில் என் மேஜை மறைந்துபோனது. இலக்கும் போயிற்று, தரமும் வரவில்லை.

நான்காம் நாள் மதியம், எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, அக்கா தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"சார், ஒன்னு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க அக்கா."

"நாம இங்க இன்னா வேல செய்யறோம்?"

"புடவை செக் பண்றோம்."

"அது கை செய்யற வேல. அது எதுக்குன்னு கேக்கறேன்."

அவரே சொன்னார். "போன பொடவ போன எடத்துல நிக்கணும். அதுக்குத்தான் நம்ம நாலு பேரையும் ஒக்கார வெச்சிருக்காங்க. நீங்க எத்தன போச்சுன்னு எண்றீங்க. எத்தன நின்னுதுன்னு எண்ணல. அன்னிக்கு மெதுவா போவுதுன்னு திட்டனீங்க இல்ல, மறுநாள்லருந்து நான் ஜல்தியா தள்ளிவுட்டுகினுதான் இருந்தேன். முந்தானைய முழுசா விரிக்கறதில்ல. அந்தக் கறை பொடவ என்துகூட இருக்கலாம்."

திட்டு வாங்கியதைக் குத்திக் காட்டுகிற குரல் இல்லை அது. சோற்றைப் பிசைந்துகொண்டே, பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னார். நான் என் டிபன் பாக்ஸை மூடி வைத்தேன்.

"இப்ப என்ன பண்ணலாம்?" என்று கேட்டேன். சூப்பர்வைசராக இருந்த பதினோரு வருடத்தில் கீழே வேலை செய்பவர் ஒருவரிடம் நான் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்று நாலு மணிக்கு எல்லோரையும் உட்கார வைத்தேன். கம்ப்யூட்டர் பெண் பழைய பட்டியலைப் பார்த்துக் கணக்குப் போட்டாள். ஒரு வாரத்தில் ஏறக்குறைய ஐந்நூறு புடவை போகிறது. அந்த ஐந்நூறில் இருபத்திரண்டு திரும்புகிறது.

"இத்தனையும் நம்ம தப்பு இல்ல" என்றாள் ஒருத்தி. "வாங்கிட்டு மனசு மாறி அனுப்பறவங்களும் உண்டு."

"அத்த தனியா எடுத்துடு" என்றார் அக்கா. "மனசு மாறனதுக்கு நாம இன்னா பண்ண முடியும்? கறை, இழை, ரவிக்கத் துணி, கலர் மாத்தி போட்டது. இந்த நாலுதான் நம்ம கையில இருக்குது. இது மட்டும் எத்தனன்னு பாரு."

கம்ப்யூட்டர் பெண் மறுபடி எண்ணினாள். மனம் மாறியவை ஏற்கெனவே தனியாகத்தான் இருந்தன. எங்கள் தவறு மட்டுமே இருபத்திரண்டு.

நான் எழுந்து பலகையை அழித்துவிட்டு, பொங்கலுக்குள் பூஜ்யம் என்று எழுதினேன். தொழிற்சாலையில் அப்படித்தான் எழுதுவோம். அக்கா சிரித்துவிட்டார்.

"பூஜ்யம்னு எழுதனா முதல் வாரமே தோத்துடுவோம் சார். தோத்துட்டா அப்பால யாரும் பலக பக்கமே திரும்ப மாட்டாங்க. இல்லன்னா மறைப்பாங்க. பாதியாக்கலாம். இருபத்திரண்ட பதினொன்னு. அது முடியும்னு எனக்குத் தோணுது. உங்களுக்கு இன்னா தோணுது?" என்று மற்ற மூவரையும் பார்த்துக் கேட்டார். இலக்கைப் பற்றி அவர்களை யாரும் அதுவரை கேட்டதில்லை. ஒருத்தி, ஒரு நாளைக்கு இருபது புடவை போதும் என்றால் முடியும் என்றாள். இன்னொருத்தி, ஜன்னல் பக்கம் மேஜையைத் திருப்பிப் போட்டால் கறை நன்றாகத் தெரியும் என்றாள். இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

யார் பார்த்த புடவை என்று தெரிய ஒரு அடையாளம் வேண்டும். அதற்கும் அக்காதான் வழி சொன்னார். சீட்டில் ஆளுக்கு ஒரு நிறத்தில் பட்டு நூல் துண்டு முடிந்துவிடுவது. பச்சை, சிவப்பு, மஞ்சள், வெள்ளை. அவர் பச்சையை எடுத்துக்கொண்டார்.

"ஆனா ஒன்னு சார்" என்று கடைசியாகச் சொன்னார். "நூல் கலர பாத்து யாரையும் திட்டக்கூடாது, அனுப்பக்கூடாது. மொதலாளிகிட்ட நீங்கதான் பேசணும். அது இல்லன்னா நாளைக்கே நூல் அவுந்து அவுந்து விழும்."

முதலாளியிடம் பேசினேன். சுலபமாக ஒத்துக்கொள்ளவில்லை. "தப்பு பண்ணவங்கள கேக்கவே கூடாதுன்னா அப்பறம் எதுக்குப்பா எண்றது?" என்றார். எங்கே தப்பு நடக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் என்றேன். யாரை என்று இல்லை, எங்கே என்று. பொங்கல் வரைக்கும் விட்டுப் பாருங்கள் என்று கேட்டேன். "பொங்கல் வரிக்கும்தான்" என்றார்.

நூல் கட்டி அனுப்பிய புடவைகளில் குறையோடு திரும்பியவை வந்து சேர இரண்டு வாரம் ஆனது. ஒரு வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு எல்லாவற்றையும் நடு மேஜையில் வைத்துப் பிரித்தோம். மொத்தம் பதினேழு. கம்ப்யூட்டர் பெண் நூல்களை நிறம் பார்த்துப் பிரித்து வைத்தாள். வெள்ளை இரண்டு. மஞ்சள் மூன்று. சிவப்பு மூன்று. பச்சை ஒன்பது.

மற்ற மூவர் முகத்திலும் முதலில் ஒரு நிம்மதியைப் பார்த்தேன், உடனே அதை அவர்களே மறைத்துக்கொண்டதையும் பார்த்தேன். கம்ப்யூட்டர் பெண் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு பலகை முன்னால் நின்றாள். எழுத அவளுக்குக் கை வரவில்லை. நான்கூட, இந்த வாரம் சும்மா பழக்கத்துக்குத்தானே, எழுத வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அக்கா எழுந்து போய்ப் பேனாவை வாங்கினார். தன் கட்டத்தில் ஒன்பது என்று எழுதினார். கட்டம் நிறைகிற மாதிரி, பெரிதாக. எழுதிவிட்டுத் திரும்பி, "என்து ஒம்போது" என்றார். உட்காரவில்லை. நேராக மேஜைக்கு வந்து அந்த ஒன்பது புடவைகளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார்.

"வாங்க, எல்லாரும் பாருங்க. இதுல எதுனா ஒத்துமை இருக்குதா?"

கருநீலம், கரும்பச்சை, அரக்கு, கத்தரிப்பூ, மறுபடி கருநீலம். ஒன்பதில் எட்டு அடர்ந்த நிறம்.

"வெளிர் கலர்ல ஒன்னே ஒன்னுதான் வுட்டிருக்கேன்" என்றார். "கருப்பு அடிக்கற கலர்லதான் இழை போனது எனக்குத் தெரியல."

என் கையில் ஒரு வேலை கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம். விளக்குதான் காரணம் என்று சொல்லி, மறுநாளே அவர் மேஜைக்கு மேல் புது விளக்கு போட்டேன். அதோடு அவரும் சிவப்பு நூல்காரரும் மேஜையை மாற்றிக்கொண்டார்கள். குறை மேஜையில் இருந்தால் மேஜையோடு போகட்டும், ஆளிடம் இருந்தால் ஆளோடு வரட்டும் என்று அதைச் சொன்னவரும் அக்காதான். இந்த முறை புடவை ஊர் சுற்றித் திரும்பும்வரை நாங்கள் காத்திருக்கவில்லை. அவர் பார்த்து முடித்த அடர்நிறப் புடவைகளைப் பெட்டியில் போடுவதற்கு முன் இன்னொருத்தி மறுபடி பார்த்தாள். ஒரு வாரத்தில் ஏழு அகப்பட்டன. குறை ஆளோடு வந்தது.

அடுத்த நாள் அவர் லீவு கேட்டார். கண் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்து எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். "ரெண்டு கண்ணுலயும் புரை. வலது கண்ணுல முத்திப் போச்சாம். ஆபரேஷன் பண்ணணும்னு சொல்லிட்டாங்க. ரெண்டு வருஷமா இருட்டா தெரியுதுன்னு பாத்துகினுதான் இருந்தேன். வயசானா அப்டித்தான்னு வுட்டுட்டேன்."

முதலாளி என்ன சொல்வாரோ என்பதுதான் என் கவலை. புடவை பார்க்கிற வேலையில் கண்ணில் புரை என்றால் ஒரு வார்த்தையில் அனுப்பிவிடலாம். நான் முந்திக்கொண்டு போய்ச் சொல்ல நினைத்தேன். அதற்குள் விஷயம் தெரிந்து முதலாளியே மாடி ஏறி வந்துவிட்டார். பலகையைப் பார்த்தார், அந்த ஒன்பதைப் பார்த்தார்.

"இத்த யார்மா எழுதனது?"

"நாந்தாங்க."

"உனக்குக் கண்ணு தெரியலன்னு நீயே பலகையில எழுதிட்டியேம்மா."

"நான் எழுதலன்னாலும் பொடவ திரும்பி வந்து சொல்லும்ங்க" என்றார் அக்கா. "எழுதினதாலதான் டாக்டர்கிட்ட போனேன். இல்லன்னா இன்னும் ரெண்டு வருஷம் தள்ளிகினு போயிருப்பேன்."

முதலாளி, "ஆபரேஷன் முடிச்சி கண்ணு நல்லா ஆனப்பறம் வாம்மா. மேஜை இங்கியேதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அவர் போனதும் சிவப்பு நூல்காரர், தானாகவே, ஆபரேஷன் தேதி வரை அடர்நிறமெல்லாம் தன் மேஜைக்கு வரட்டும், வெளிர்நிறம் அக்காவுக்குப் போகட்டும் என்றார். தன் வேலை கூடும் என்று தெரிந்தே சொன்னார். அப்போதுதான் அந்த ஒன்பது என்ற எண் என்ன செய்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை யாரும் தயங்கவில்லை. அவரவர் எழுந்து போய் அவரவர் எண்ணை எழுதினார்கள். மஞ்சள் நூல்காரர், ரவிக்கைத் துணியை அளக்காமல் கண்பார்வைக்கே விட்டுவிட்டதாகத் தானாகச் சொன்னார். மறுநாள் மேஜை ஓரத்தில் டேப்பை ஒட்டிக்கொண்டார்.

ஆபரேஷனுக்கு முன் இன்னொன்றும் நடந்தது. திரும்பி வந்த புடவைகளில் ஐந்தாறில் பார்டரை ஒட்டி ஒரே இடத்தில் மெல்லிய கோடு ஓடுவதைக் கவனித்தோம். சீட்டைப் பார்த்தால் எல்லாம் முள்ளிப்பட்டில் ஒரே தறியில் நெய்தவை. அக்காவும் நானும் என் பைக்கில் அந்த வீட்டுக்குப் போனோம். நெசவாளர் எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எங்க கொறைய எண்றதுக்கு ஆபீஸ்லருந்து ஆள் வந்துட்டாங்களா?"

"என் கொறைய எண்ணி முடிச்சிட்டுத்தான் இங்க வந்துகினு இருக்கேன்ணா" என்றார் அக்கா. தன் ஒன்பதைப் பற்றிச் சொன்னார், கண்ணைப் பற்றிச் சொன்னார். அந்த மனுஷர் கேட்டுக்கொண்டே தறியிலிருந்து எழுந்தார். அக்கா வலிக்கிற முட்டியோடு மெதுவாகக் குழியில் இறங்கி உட்கார்ந்து, பாவு இழைகள் நுழைந்து வருகிற அச்சின் கம்பிப் பற்களைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனார். கண் மூடியிருந்தது. ஓர் இடத்தில் விரல் நின்றது.

"தோ, இங்க தொட்டுப் பாருங்க."

ஒரு பல் லேசாக வளைந்திருந்தது. நெசவாளர் தொட்டுப் பார்த்துவிட்டு, "அடக் கடவுளே, ஆறு மாசமா இதோடதான் நெய்துகினு இருந்தேனா" என்றார். அந்த வாரமே அச்சை மாற்றினார். அந்தத் தறியிலிருந்து அதன்பின் கோடு வரவில்லை. அன்று முதல், குறை அகப்பட்டால் அன்றைக்கே படம் எடுத்து நெய்தவருக்கு அனுப்புவது என்று வைத்துக்கொண்டோம்.

மார்கழித் தொடக்கத்தில் அக்காவுக்கு வலது கண்ணில் ஆபரேஷன் ஆனது. நன்றாக முடிந்தது. பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால், டாக்டர் சம்மதித்தபிறகு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். முதல் வேலையாக ஒரு கருநீலப் புடவையை எடுத்து ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். "ஐயோ, இத்தன இழையா இருக்குது இதுல!" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

நாங்கள் குறித்த கெடு வந்துவிட்டது. கடைசி ஐந்நூறு புடவையின் கணக்கைப் பார்த்தோம். பதிமூன்று. இலக்கு பதினொன்று.

எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் பதிமூன்றில் இரண்டு, "நிறம் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறது" என்று திரும்பியவை. அதை மனம் மாறியவை என்று தனியே ஒதுக்கிவிடலாம். ஒதுக்கினால் சரியாகப் பதினொன்று. முதலாளி கொடுத்த கெடுவும் அன்றைக்குத்தான் முடிகிறது. கம்ப்யூட்டர் பெண்ணிடம் மெதுவாகச் சொன்னேன். அவள் அக்காவைப் பார்த்தாள்.

அக்கா அந்த இரண்டு புடவைகளையும் எடுத்துப் போனில் இருக்கிற படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "படத்துல மாம்பழ மஞ்ச. பொடவ எலுமிச்ச மஞ்ச. இது நம்ம தப்புதான் சார். பதிமூனுன்னே எழுதுங்க."

"ரெண்டே ரெண்டுதானே அக்கா."

"இன்னிக்கு ரெண்ட ஒதுக்குவோம். அப்பால நமக்கே எது நெஜம்னு தெரியாம போயிடும்."

பதிமூன்று என்றே எழுதினேன். மாலை முதலாளி வந்து பார்த்தார். நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன், அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "இருபத்திரண்டு இருந்துது. பதிமூனு ஆயிருக்குது. வாயிலயே எல்லாம் சரியாயிடுச்சின்னு சொன்னா நான் நம்பியிருக்க மாட்டேன். இந்தப் பதிமூன நம்பறேன்" என்றார். ஆள் மாற்றுகிற பேச்சை அதன்பின் எடுக்கவில்லை. படம் எடுக்க நல்ல விளக்கு இரண்டு வேண்டும் என்று கம்ப்யூட்டர் பெண் கேட்டாள். வாங்கிக் கொடுத்தார். சித்திரையில் ஐந்நூறுக்கு ஒன்பதாக இறங்கியது.

அக்காவைப் பற்றி நான் யாரிடமாவது சொன்னால், நேர்மையானவர் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அது மட்டும் இல்லை. நேர்மையானவர்கள் நிறைய பேரைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் பக்கத்தில் உட்காரவே பயமாக இருக்கும். இவர் தன் ஒன்பதை எழுதியபோது, மற்றவர்கள் தங்கள் மூன்றையும் இரண்டையும் பயமில்லாமல் எழுத இடம் செய்து கொடுத்தார். அளப்பது என்பதையே அந்த ஹாலில் ஒரு தண்டனை என்ற நிலையிலிருந்து வைத்தியம் என்ற நிலைக்கு மாற்றினார். பதினோரு வருடம் நான் சுவரில் மாட்டிய எந்தப் பலகையும் அதைச் செய்யவில்லை.

சித்திரைக் கணக்கு எழுதிய வெள்ளிக்கிழமை, அடுத்த இலக்கு என்ன என்று பேசிக்கொண்டிருந்தோம். சிவப்பு நூல்காரர் திடீரென்று, "எல்லாருக்கும் கட்டம் இருக்குது. சாருக்கு மட்டும் இல்லியே" என்றார்.

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "நியாயமாத்தான் கேக்கறா சார். சந்தேகம்னு உங்க மேஜையில வெக்கிற பொடவைக்கு அன்னிக்கே பதில் வேணும். வராம நின்னுபோறதால எங்களுக்குக் கை ஓடறதில்ல. சாயங்காலம் உங்க மேஜையில எத்தன நிக்குதுன்னு எழுதலாமா?"

கம்ப்யூட்டர் பெண் பலகையின் கடைசியில் எனக்கு ஒரு கட்டம் போட்டாள். மணி நாலே முக்கால் ஆகியிருந்தது. அவள் கிளம்புவதற்குள் எழுதியாக வேண்டும். நான் என் மேஜைக்குப் போய் எண்ணினேன். பத்தொன்பது புடவை. ஒரு தடவை சரியாக எண்ணவில்லையோ என்று மறுபடி எண்ணினேன். அதே பத்தொன்பது. பேனாவை வாங்கி எழுதும்போது முதுகுக்குப் பின்னால் ஏழு பேரும் பேசாமல் நிற்பது தெரிந்தது. அந்த அமைதியில் அப்படி எழுதுவது எவ்வளவு கடினம் என்று அன்றைக்குத்தான் என் கைக்குத் தெரிந்தது.

"அவ்ளோ சின்னதா எழுதனா கண் ஆபரேஷன் பண்ண எனக்கே தெரியல சார்" என்றார் அக்கா.

அழித்துவிட்டுப் பெரிதாக எழுதினேன். திங்கட்கிழமை காலை, அந்தப் பத்தொன்பதில் முதல் புடவையை எடுத்துக்கொண்டு அவர் மேஜைக்குப் போய், "இது குறையா, நெசவா, சொல்லுங்க அக்கா" என்று கேட்டேன். அவர் ஸ்டூலை நகர்த்தி எனக்கு இடம் விட்டார்.